புது நாட்டுச் சிலந்தியும் பாம்பும்

 

அக்குறணையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு சிட்னிக்குப் போய் ஏழு மாதமாகிறதாம். வீடு நகரத்தின் ஓரத்தில். பின்பக்கம் முழுக்கக் காடு. "சாப்பாடு, குளிர், காசு என்று மகள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் சுவரில் கையகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சியைக் கண்டதிலிருந்து விளக்கை அணைத்துத் தூங்குவதில்லை. பாம்பு வரும் என்று பிள்ளைகளை முற்றத்தில் இறக்குவதில்லை. உடுப்புக் காயப்போடக் கூட வெளியே போகமாட்டாளாம். இப்போது கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். உம்மா, நாங்கள் திரும்பி வந்துவிடுகிறோம் என்று அழுகிறாள். மருமகனோ சிரிக்கிறார். நான் என்ன சொல்ல?" என்று கேட்கிறார்.

முதலில் மருமகனுக்கு ஒரு வார்த்தை. சிரிக்க வேண்டாம் தம்பி. பயந்தவரைப் பார்த்துச் சிரித்தால் பயம் போகாது. அதை உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும்.

தாயாருக்கு எழுதுவதை எல்லாச் சகோதரிகளும் வாசியுங்கள். இன்று நம் ஊர்களில் மகனோ மகளோ மருமகளோ அவுஸ்திரேலியாவில் இல்லாத குடும்பங்கள் குறைந்து வருகின்றன. அந்த நாட்டின் பெயரைச் சொன்னதுமே சிலந்தி, பாம்பு வீடியோக்கள் தொலைபேசிக்கு வந்து விழுகின்றன. அவற்றில் எது உண்மை, எது கதை என்று தெரிந்துகொள்வது நல்லது.

சுவரில் இருந்த அந்தப் பெரிய சிலந்தி எதுவாக இருக்கும்? உடம்பு தட்டை, கால்கள் நீளமாக நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும், சுவரில் வேகமாக ஓடும் என்றால், அது அங்கே 'ஹன்ட்ஸ்மன்' என்று சொல்லப்படும் வேட்டைச் சிலந்தி. வலை கட்டிக் காத்திருக்காது. இரவில் அலைந்து கரப்பொத்தானையும் மற்றப் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து அதனால் இல்லை. தாயே, இதன் ஒன்றுவிட்ட உறவினர் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறார்! விறகு அடுக்கிய இடத்தில், அலுமாரிக்குப் பின்னால், வயிற்றுக்கடியில் வெள்ளையாகத் தட்டையான முட்டைப் பையைச் சுமந்துகொண்டு ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி ஓடுவதை எத்தனை தடவை கண்டிருப்பீர்கள்? அதுவும் இதே குடும்பம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது நீங்கள் தும்புத்தடியால் அதை விரட்டியிருப்பீர்கள், அவள் சிரித்துக்கொண்டு பார்த்திருப்பாள்.

அப்படியானால் அங்கே ஏன் இந்தப் பயம்? இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹன்ட்ஸ்மனால் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அது கடியால் வருவதில்லை. காரின் வெயில் மறைப்பைக் கீழே இறக்கும்போது அதன் பின்னாலிருந்து வெளிவந்து முகத்துக்கு முன்னால் ஓடும். ஓட்டுபவர் பதறித் திருப்பினால் விபத்து. உங்கள் மகள் காரை விட்டது இதைக் கேள்விப்பட்டுத்தான் என்று நினைக்கிறேன். கண்ணாடிகளை மூடி வைப்பதும், ஏறுமுன் வெயில் மறைப்பை ஒருமுறை இறக்கிப் பார்ப்பதும், ஓடும்போது கண்டுவிட்டால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குவதும் போதும். கார் இல்லாமல் சிட்னியின் ஓரத்தில் ஒரு தாய் வாழ்வது கஷ்டம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணவனை எதிர்பார்த்தே இருக்க வேண்டிவரும். ஆகவே அவள் இந்தப் பயத்தைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

பயப்பட வேண்டிய சிலந்திகளும் அங்கே உண்டு, மறைக்கத் தேவையில்லை. சிட்னிப் பகுதியில் 'ஃபனல்வெப்' என்ற கறுப்புச் சிலந்தி. ஈரமான, நிழலான மண்ணில் வளை தோண்டி வாழும். ஆண் சிலந்திகள் கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலும் இணை தேடி இரவில் அலையும்; அவற்றின் விஷம்தான் கொடியது. (அங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.) கதவுக்கடியால் உள்ளே வந்து, நிலத்தில் கிடக்கும் உடுப்பிலோ துவாயிலோ ஒளிந்துகொள்ளும். நீச்சல் தடாகத்தில் விழுந்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். செத்துவிட்டது என்று பிள்ளைகள் கையால் எடுக்கக் கூடாது. 1927 முதல் 1980 வரையான காலத்தில் இந்தச் சிலந்தி கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு. 1981இல் ஸ்ட்ருவன் சதர்லன்ட் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்கு விஷமுறிவு மருந்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு இன்றுவரை ஃபனல்வெப் கடித்து இறந்ததாக ஒரு பதிவும் இல்லை. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்துக்காகப் பொதுமக்களே ஆண் சிலந்திகளைப் போத்தலில் பத்திரமாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டால் மகளுக்கு மயக்கமே வரும், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்!

மற்றது 'ரெட்பாக்'. பெண் சிலந்தி கறுப்பு, முதுகில் சிவப்புக் கோடு. வெளியே கிடக்கும் கதிரைக்கடியில், தபால் பெட்டியில், பழைய வாளியில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் வலை கட்டும். தானாக வந்து கடிப்பதில்லை. கை போய் நசுக்கினால் கடிக்கும். வலி மணிக்கணக்கில் இருக்கும், வியர்வையும் வரும். இதற்கும் 1956 முதல் மருந்து உண்டு. 'வைட்டெய்ல்' என்ற வேறொரு சிலந்தி கடித்தால் சதை அழுகிவிடும் என்ற கதையும் வட்ஸப்பில் சுற்றுகிறது. அந்தச் சிலந்திதான் கடித்தது என்று உறுதியான 130 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஒருவருக்கும் அப்படி அழுகவில்லை.

இனிக் கணக்கு. அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு முதல் 2013 வரை விஷப் பிராணிகளால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தார்கள். அந்தக் காலம் முழுவதற்கும் பாம்பினால் 27 மரணம், தேனீ, குளவி போன்றவற்றால் அதேயளவு, சிலந்தியால் ஒன்றுமில்லை. பாம்பு என்று பார்த்தால் அந்த முழு நாட்டிலும் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேர். நம் நாட்டைப் பார்ப்போமா? 2016இல் வெளிவந்த, வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கின்படி இலங்கையில் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கிறது. ஏறக்குறைய 400 பேர் மௌத்தாகியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் சனத்தொகை நம்முடையதைவிட அதிகம். நாகமும், புடையனும், நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை நள்ளிரவில் வலியே தெரியாமல் கடிக்கும் கட்டுவிரியனும் உலாவும் நாட்டிலிருந்து மகள் போயிருக்கிறாள். பாம்புக்காக அவள் திரும்பி வருவதென்றால், வர வேண்டிய திசை இதுவல்ல.

ஆனாலும் கணக்கைச் சொல்லிப் பயத்தைப் போக்க முடியாது. 400 என்ற எண்ணும் 2 என்ற எண்ணும் இரவு இரண்டு மணிக்கு உதவாது. கையில் ஒரு வேலை இருந்தால் உதவும். ஆகவே மகள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் செருப்பையும் சப்பாத்தையும் வாசலுக்கு வெளியே கழற்றிவிடுவது வழக்கம். தொழும் வீடு, உள்ளே அழுக்கு வரக்கூடாது, நல்ல பழக்கம்தான். ஆனால் இரவு முழுக்க வெளியே கிடக்கும் சப்பாத்து அங்கே சிலந்திக்கு ஆயத்தமான வீடு. கதவுக்கு உட்புறம் ஒரு சப்பாத்துத் தட்டை வைத்துக்கொண்டால் அழுக்கும் வராது, சிலந்தியும் ஏறாது. சுபஹுக்கு அவசரமாக இறங்கும் மருமகனும் காலை நுழைக்குமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டட்டும். படுக்குமுன் விரிப்பைத் தட்டிக்கொள்ளும் சுன்னத்தை நாம் சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தோம். நமக்குப் பின்னால் அதில் என்ன வந்திருக்கும் என்று தெரியாது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். சிட்னியில் அதன் அர்த்தம் நன்றாகவே விளங்கும். கொடியில் இரவு கிடந்த உடுப்பையும், கராஜில் சுருட்டி வைத்த தொழுகை விரிப்பையும் அப்படியே உதறுங்கள். ஈரத் துவாயைக் குளியலறை நிலத்தில் போடாதீர்கள். கதவுக்கடியில் இருக்கும் இடைவெளிக்கு ரப்பர் பட்டி விற்கிறார்கள். ஒரு பின்னேர வேலை. அன்று இரவு விளக்கை அணைக்க அதுவே பாதித் துணிச்சல் தரும்.

ஹன்ட்ஸ்மனை வெளியேற்ற அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்து, கீழால் தடித்த அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டால் சரி. ஸ்பிரே அடித்தால் அது அரைமயக்கத்தில் எங்கேயோ ஓடி ஒளியும். பிறகு அதைக் காணவில்லையே என்று அன்றைய தூக்கமும் போகும்.

பாம்பு விஷயத்தில் நம் பெண்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பாம்பையும் தேளையும் தொழுகையில் இருந்தாலும் அடிக்கலாம் என்று படித்திருக்கிறோமே, அங்கே அடிக்கக் கூடாதாமே? ஆம், அந்த நாட்டுப் பாம்புகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் கொல்வது குற்றமாகும். அனுமதிப் பத்திரம் பெற்ற பாம்பு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். மதீனாவில் வீட்டுக்குள் காணும் பாம்பை உடனே கொல்லாமல் மூன்று நாள் எச்சரிக்கச் சொன்ன ஹதீஸும் இருப்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், உயிரைப் பாருங்கள். சும்மா போகும் பாம்பை அடிக்கப் போய்த்தான் பலர் கடி வாங்குகிறார்கள். பிள்ளைகளை உள்ளே எடுத்து, கதவை மூடி, அது போகும்வரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். புல்லைக் கட்டையாக வெட்டி வைப்பதும், தகரம், பலகைக் குவியல்களை அகற்றுவதும், இருட்டில் கைவிளக்கோடும் மூடிய சப்பாத்தோடும் நடப்பதும் அவர்களுடைய வழக்கம்.

கடித்துவிட்டால்? இதை மகளுக்கு எழுதி அனுப்புங்கள், குளிரூட்டியில் ஒட்டி வைக்கட்டும். பாம்பு கடித்தாலும் ஃபனல்வெப் கடித்தாலும் ஒரே முறைதான். அகலமான இலாஸ்டிக் பன்டேஜை எடுத்துக் கடித்த இடத்தின்மேல் சுற்றி, பிறகு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கையையோ காலையோ முழுதாக இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தடியொன்றை வைத்துக் கட்டி அசையாமல் ஆக்க வேண்டும். நடக்க விடக்கூடாது. கடித்த இடத்தைக் கழுவக் கூடாது. அதில் படிந்த விஷம், எந்தப் பாம்பு என்று கண்டறிய உதவக்கூடும். 000 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். அங்கே அதிக உயிரைக் குடிக்கும் பழுப்புப் பாம்பின் பல் சிறியது. கடித்த இடம் கீறல் போல இருக்கும், வலியும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் பன்டேஜ் முறையையும் 1979இல் சொல்லித்தந்தவர் அதே சதர்லன்ட்தான். ரெட்பாக் கடிக்கு மட்டும் பன்டேஜ் வேண்டாம், வலி கூடும்; ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், வலி பரவினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகமென்றால் 13 11 26 என்ற இலக்கத்தில் விஷத் தகவல் நிலையம் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினால் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இங்கே இருக்கும் சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பன்டேஜ் முறை அந்த நாட்டுப் பாம்புகளுக்கு. நம் புடையனின் விஷம் கடித்த இடத்துச் சதையையே சேதப்படுத்தும். அதைக் கட்டி ஓரிடத்தில் தேக்கக் கூடாது. இங்கே கை காலை அசையாமல் வைத்து, மோதிரம் காப்புகளைக் கழற்றி, 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முறை. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எங்கேயும் வேண்டாம்.

இப்போது பயத்துக்கு வருவோம். அக்குறணையில் சுவரில் பூச்சி ஓடினால் உம்மா வருவார், மாமி வருவார், அடுத்த வீட்டுத் தாத்தா வேலிக்கு மேலால் "என்ன சத்தம்?" என்று கேட்பார். ஐந்து நிமிடத்தில் அது சிரிப்பாக முடியும். சிட்னியில் கணவர் காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்கு வருகிறார். அடுத்த வீட்டாரின் பெயர் தெரியாது. அந்தச் சிலந்தியை மகள் தனியாகவே பார்த்தாள். என் கணிப்பில், அவள் சிலந்தி என்று சொல்லும்போது அதற்குள் இதுவும் சேர்ந்திருக்கிறது. குளிரையும் தனிமையையும் பற்றிக் குறை சொன்னால் 'நன்றி கெட்டவள்' ஆகிவிடுவாளே. எட்டுக்கால் பூச்சியைப் பற்றி யாரும் குறை சொல்லலாம். ஆகவே மருமகனிடம் சொல்லுங்கள், பூச்சியைப் பிடிப்பதோடு அவர் வேலை முடியவில்லை. வாரத்தில் ஒருநாள் பள்ளிவாசலுக்கோ, நம்மவர் வீடொன்றுக்கோ, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ அவளைக் கூட்டிப் போகட்டும்.

பயத்தின் இன்னொரு சுபாவம், விலகிப் போகப் போக அது வளரும். முற்றத்துக்குப் போகாத ஒவ்வொரு நாளும், "போகாததால்தான் தப்பினேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அதை மாற்ற ஒரே வழி சிறுகச் சிறுக நெருங்குவது. முதலில் படம், பிறகு கண்ணாடிப் போத்தலுக்குள் இருப்பது, பிறகு தூரத்தில் சுவரில் இருப்பது, கடைசியில் டப்பாவைத் தானே கவிழ்ப்பது. ஒவ்வொரு படியிலும் நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை நிற்க வேண்டும்; பாதியில் ஓடினால் பயம்தான் வெல்லும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் 1989இல் எழுதிக் காட்டியபடி, தேர்ந்தவர் ஒருவரின் உதவியோடு இப்படிப்பட்ட பயங்களில் பலவற்றை மூன்று மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் பெரிதும் குறைக்க முடிகிறது. விளக்கை அணைக்க முடியாமல் மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மகள் அங்குள்ள குடும்ப வைத்தியரிடம் சொல்லட்டும். அவர் உளவியலாளரிடம் அனுப்புவார். இது பைத்தியத்துக்குப் பார்க்கும் வைத்தியமல்ல. பல்வலிக்குப் போவது போலத்தான்.

பிள்ளைகளுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும். 1980களில் அமெரிக்காவில் சூசன் மினெகா என்ற உளவியலாளர் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டிலிருந்து வந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்ததும் அவையும் பயப்படத் தொடங்கின. சில நிமிடம் பார்த்தது போதும். பயம் மாதக்கணக்கில் நின்றது. ஆனால் பாம்புக்கு முன் அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்தவை, பிறகு அலறுவதைப் பார்த்தபோதும் பெரும்பாலும் அசையவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் இப்போது உம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பயம் இல்லாதது போல நடிக்கச் சொல்லவில்லை. "எனக்குக் கொஞ்சம் பயம்தான், இருந்தாலும் எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்" என்று சொல்லட்டும். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று படித்துவிட்டு வருவார்கள்; அவர்களே உம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடும்.

கடைசியாக உங்களுக்கு, தாயே. நீங்கள் தினமும் தொலைபேசியில் முதலில் கேட்பது "இன்றைக்கு ஏதும் பூச்சி வந்ததா மகள்?" என்றுதானே? கடிதத்தில் நீங்களே அப்படி எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் கேட்கிறீர்கள், அவளுக்கோ அது தினமும் ஒரு முறை சிலந்தியை நினைவூட்டுகிறது. யாரோ அனுப்பும் பாம்பு வீடியோக்களையும் அவளுக்கு அனுப்பாதீர்கள். என்ன சமைத்தாள் என்று கேளுங்கள். சின்னவன் பல்லு முளைத்துவிட்டதா என்று கேளுங்கள். கார்ச் சாவியை எடுத்தாளா என்று கிழமைக்கு ஒருமுறை கேளுங்கள், போதும். வாசல் சப்பாத்துத் தட்டுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.